கடல் இடப்பக்கம் கொட்டுது

எண்ணூர் கழிமுகத்தில் எடுத்த பதினொரு படங்களை
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த நேரத்தில்
ஜெசிந்தாவிடம் காட்டினேன்.
சரக்கு ரயில். ஐம்பத்தெட்டு பெட்டி.
தப்பிக்க வழியில்லை, இரண்டு பேருக்கும்.

அவள் ஸ்டான்லியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்ச இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க என்று
நாள் முழுக்கச் சொல்லி
நெஞ்சுக்கூடுகளின் நிழலைப் பார்ப்பவள்.
அங்கே யாரும் யாரிடமும்
‘அழகா வந்திருக்கு’ என்று சொல்வதில்லை.

முதல் படம்.
“கடல் இடப்பக்கம் கொட்டுது பாரு.
கீழ ஒரு பக்கெட் வை.”
இரண்டாவது.
“முக்கால்வாசி வானம். அதுல ஒண்ணுமே இல்ல.
வாடகை குடுக்காத ஆளுக்கு
இன்னாத்துக்கு இவ்ளோ இடம்?”
மூன்றாவதில் படகுக்கு மூக்கில்லை.
நான்கிலிருந்து ஏழு வரை
ஒன்றும் சொல்லாமல் விரலால் தள்ளினாள்.
அதுதான் வலித்தது.

எட்டில் நின்றாள்.
எட்டு என் பெருமை:
காலை வெயிலில் பித்தளையாய்த் தண்ணீர்,
ஒற்றைக் கொக்கு,
பின்னால் மங்கலாக அலையாத்திப் புதர்.
“புகபோக்கி எங்க?”
வெட்டிட்டேன்.
“சாம்பல் குழா?”
அதுவும்தான்.
“அப்ப இது எந்த ஊரு?”

சட்டகம் என்றால் எதையாவது
விட்டுத்தானே ஆகணும் என்றேன்.
கேட் தூக்கியது. பின்னால் ஆட்டோ கத்தியது.
ஸ்கூட்டியைக் கிளப்பியபடி சொன்னாள்:
“விடு. ஆனா ஒளிக்காத.”

ஒன்பது நாள் நான் அவளோடு பேசவில்லை.
பத்தாம் நாள் கோபத்தோடு போய்
புகைபோக்கி, புகைபோக்கி, புகைபோக்கி,
நட்ட நடுவில் ஆணி அடித்தது போல.
அனுப்பினேன்.
ஒரே வரி வந்தது:
“இப்ப கொக்க ஒளிச்சிட்ட.”

சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்த பிறகுதான் கவனித்தேன்,
இத்தனை நாளும் எல்லாப் படத்தையும்
பாலத்தின் மேல், பைக் பக்கத்தில்,
செருப்புக்கூட நனையாமல் எடுத்திருக்கிறேன்.

இறங்கினேன்.
கறுப்புச் சேறு முழங்கால் வரை பிடித்துக்கொண்டது.
பல்லில் பறியைக் கவ்விக்கொண்டு
கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்
பறியை எடுத்துவிட்டுச் சொன்னாள்,
“தள்ளிப் போய்யா. தண்ணியக் கலக்குற.”
நான்கு அடி தள்ளினேன்.
எந்தப் புத்தகத்து விதியும் இல்லை, விரட்டப்பட்டு
நான்கே நான்கு அடி.
அங்கிருந்து பார்த்தால்
வலை கட்டும் கழிகள் வரிசையாய் உள்ளே போயின,
கொக்கைத் தாண்டி, அவள் குனிந்த முதுகைத் தாண்டி,
மூன்று புகைபோக்கிகளும்
தண்ணீருக்குள் தலைகீழாக நின்ற இடம் வரை.
படம் எடுக்கலாமா என்றேன்.
“வெல ஏறுமா?” என்றாள்.
ஏறாது.
“அப்ப சீக்கிரம் எடு.”

மறுபடி அதே கேட். வேறு ரயில்.
ஜெசிந்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டு
படத்தின் நான்கு ஓரத்தையும் சுற்றி வந்தாள்.
“வலப்பக்கம் அந்த பால் கவரு.
நீயா வெச்சியா, அதுவா வந்துச்சா?”
அதுவா வந்துச்சு.
“ம். அப்ப பாதிதான் உன்னுது.”
கொஞ்சம் பொறுத்து, “பாதி உன்னுது” என்றாள்.

பிறகு தன் போனை நீட்டினாள்.
எனக்குத் தெரியாது, அவளும் எடுக்கிறாள் என்று.
காசிமேடு, விடியுமுன்,
ஐஸ் உடைக்கும் இடத்தில் எழும் வெண்புகை,
விளக்குக் கம்பம், ஈரத்தரை.
நல்லா என்று ஆரம்பித்த வாயை
மூடினேன்.
மூச்சை இழுத்துப் பிடித்தேன்.
கீழ் ஓரத்துல உன் நெழல் விழுந்திருக்கு ஜெசி.
கண்ணு அங்கயே போவுது.

“எங்க?” என்றாள்.
இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.
இன்னும் பெரிதாக்கினாள்.
கடைசிப் பெட்டியும் போய், கேட் தூக்கி,
பின்னால் அத்தனை ஹாரனும் அடிக்க,
குனிந்தபடியே இருந்தோம்.